மெத்தை, தலையணை, போர்வை: படுக்கை அலர்ஜியைக் குறைப்பது எப்படி?

காலையில் கண் விழித்ததும் வரிசையாகத் தும்மல், மூக்கடைப்பு, கண்ணில் அரிப்பு. எழுந்து குளித்து வெளியே போய் ஒன்றிரண்டு மணி நேரத்தில் எல்லாம் தானாக அடங்கிவிடுகிறது, மறுநாள் காலை மறுபடியும் அதே கதை. உங்களுக்கோ வீட்டில் ஒரு குழந்தைக்கோ இப்படி இருந்தால், சளி பிடித்திருக்கிறது என்று நினைத்து மருந்து மாற்றிக்கொண்டே இருப்பதற்கு முன்னால் படுக்கையைக் கொஞ்சம் பாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது இரவு இருமலாகவோ வீசிங்காகவோ வரும், தோல் அலர்ஜி உள்ளவர்களுக்கு சொறிச்சல் கூடும். மூக்கையும் வாயையும் ஒரே துணியில் புதைத்துக்கொண்டு தினமும் ஏழெட்டு மணி நேரம் கிடக்கிற இடம் வேறு எதுவும் நமக்கு இல்லை.

படுக்கை அலர்ஜியைக் குறைக்கிற வேலையைப் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்காக எழுதுகிறேன். முதலில் வீடு, அப்புறம் ஆஸ்பத்திரி.

எதிரி யார் என்று முதலில் தெரிந்துகொள்வோம்

முக்கியமான ஆள் தூசிப்பூச்சி, டாக்டர்கள் டஸ்ட் மைட் என்பார்கள். எட்டுக் கால், சிலந்தி வகையைச் சேர்ந்தது, நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட வராது, அதனால் கண்ணில் படாது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. தண்ணீர் குடிக்கத் தெரியாது, காற்றிலிருக்கும் ஈரத்தைத்தான் உடம்பு வழியாக இழுத்துக்கொள்கிறது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

இது கடிக்காது. காலையில் கையிலோ முதுகிலோ வரிசையாகத் தடிப்புகள் இருந்தால் அது மூட்டைப்பூச்சியாகவோ கொசுவாகவோ இருக்கலாம், அது தனிப் பிரச்சினை, அதற்கு இந்தக் கட்டுரை உதவாது.

கடிக்காத பூச்சி எப்படித் தும்மல் வரவைக்கிறது? அதன் எச்சத்தால். ஒரு பூச்சி ஒரு நாளைக்குச் சுமார் 20 எச்ச உருண்டைகள் போடுகிறது, ஒவ்வொன்றும் 10 முதல் 40 மைக்ரான் அளவு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அந்த உருண்டையில் பூச்சியின் செரிமானப் புரதங்கள் ஒட்டியிருக்கின்றன. அவற்றில் பேர்போன ஒன்றுக்கு டெர் பி 1 என்று பெயர், அது மூக்குக்குள் போய் நம் சவ்வின் மேல் வேலையைக் காட்டுகிறது. வீட்டுத் தூசி அலர்ஜிக்குக் காரணம் இந்தப் பூச்சிதான் என்று நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர்கள் 1964-இல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதுவரை 'வீட்டுத் தூசி அலர்ஜி' என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்களே தவிர, தூசியில் எது என்பது தெளிவாகத் தெரியவில்லை.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம், பலரும் தவறவிடுவது: பூச்சியைக் கொன்றால் மட்டும் போதாது. செத்த பூச்சியும் அது போட்டுவைத்த எச்சமும் மெத்தைக்குள் அப்படியே கிடக்கும், மாதக்கணக்கில் அலர்ஜி தரும். ஆகவே நமக்கு வேலை இரண்டு. இருப்பதை வெளியேற்றவேண்டும் அல்லது உள்ளேயே பூட்டிவைக்கவேண்டும், அதோடு புதிதாகப் பெருகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். கடையில் எதை வாங்கும்போதும் இது இந்த இரண்டில் எதைச் செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பொருள்கள் அங்கேயே கழிந்துவிடும்.

இன்னொன்று, இந்த எச்சத் துகள் கொஞ்சம் கனமானது. படுக்கையை உதறினால் மேலே எழும்பும், அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் கீழே இறங்கிவிடும். அறைக் காற்றில் நாள் முழுக்க மிதந்துகொண்டிருப்பதில்லை. நாம் புரண்டு படுக்கும்போதும் தலையணையை அமுக்கும்போதும் மூக்குக்கு நேராகக் கிளம்புகிறது, சிக்கல் அங்கேதான்.

பூனை விஷயம் நேர் எதிர். பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பியிலும் இருக்கும் ஃபெல் டி 1 என்ற புரதம் மிகச் சிறிய துகள்களிலும் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் மிதக்கும், துணியில் பற்றிக்கொண்டு ஊர் சுற்றும். பூனையே வளர்க்காத வீட்டு மெத்தையிலும் அது கிடைப்பதற்குக் காரணம் இதுதான். கரப்பான் அலர்ஜி பெரும்பாலும் சமையலறைப் பக்கத்துச் சமாசாரம் என்றாலும் அதன் தூசி படுக்கையறைக்கும் வந்து சேரும். பூஞ்சையும் உண்டு. மான்செஸ்டரில் நடந்த ஓர் ஆய்வில், வருடக்கணக்கில் பயன்படுத்திய தலையணைகளை எடுத்துப் பார்த்தபோது ஒவ்வொன்றிலும் பல வகைப் பூஞ்சைகள் இருந்தன, நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு ஆபத்தான ஆஸ்பெர்ஜில்லஸும் அதில் ஒன்று.

முதல் படி: தலையணைக்கும் மெத்தைக்கும் சரியான உறை

தலையணையிலிருந்து ஆரம்பியுங்கள். மெத்தை பெரிது, அதற்குச் செலவு அதிகம், ஆனால் மூக்குக்கு மிகப் பக்கத்தில் இருப்பது தலையணைதான். கையில் பணம் குறைவாக இருந்தால் தலையணை உறையை மட்டும் முதலில் வாங்கி, மெத்தையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் சொல்வது வழக்கமான தலையணை உறை இல்லை. அலர்ஜிக்கென்று நெருக்கமாக நெய்த, ஆறு பக்கமும் மூடி ஜிப் போடுகிற உறை. நெசவின் துளை 10 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் தூசிப்பூச்சியின் எச்சம் வெளியே வராது. பூனைப் புரதத்தையும் தடுக்கவேண்டுமென்றால் சுமார் 6 மைக்ரான் அளவு வேண்டும். அட்டையில் துளை அளவு எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள், 'அலர்ஜி இல்லாதது' என்று பொத்தாம்பொதுவாக மட்டும் எழுதியிருந்தால் நம்பவேண்டாம். பிளாஸ்டிக் ஷீட் மாதிரி இருப்பதும் தடுக்கும்தான், ஆனால் வேர்த்துக் கொட்டும், சரசரவென்று சத்தம் போடும், நாலு நாளில் கழற்றிவிடுவீர்கள். நெய்த துணியே மேல்.

எலாஸ்டிக் வைத்து மேல் பக்கத்தை மட்டும் மூடுகிற மெத்தைப் பாதுகாப்பு விரிப்பு இந்த வேலைக்கு ஆகாது. அது சிந்துகிற தண்ணீருக்கு. பக்கவாட்டிலும் அடியிலும் மெத்தை திறந்தே கிடக்கும், அமுக்குகிற ஒவ்வொரு முறையும் அந்த வழியாகத் தூசி வெளியேறும். ஜிப்பின் முனையில் சின்ன இடைவெளி இருந்தாலும் ஒரு டேப் ஒட்டி மூடிவிடுங்கள். இந்த உறைக்கு மேலே வழக்கமான பெட்ஷீட்டும் தலையணை உறையும் போட்டுக்கொள்ளவேண்டும், வாராவாரம் துவைப்பது அவற்றைத்தான். அடியிலிருக்கும் உறையைத் தயாரித்தவர் சொன்ன இடைவெளியில் எப்போதாவது துவைத்தால் போதும்.

இறகுத் தலையணையைத் தூக்கிப்போட்டுவிட்டு செயற்கைப் பஞ்சுத் தலையணை வாங்கச் சொல்லும் பழைய அறிவுரையை இன்னும் பலர் திருப்பிச் சொல்கிறார்கள். 1990-களில் இரண்டையும் ஒப்பிட்டு அளந்தபோது செயற்கைப் பஞ்சுத் தலையணையில்தான் தூசிப்பூச்சிப் புரதம் அதிகமாக இருந்தது. இறகு வெளியே குத்திக்கொண்டு வராமலிருக்க அதன் துணியை நெருக்கமாக நெய்கிறார்கள், அந்த நெசவே பூச்சியையும் ஓரளவு தடுத்துவிடுகிறது. இறகுக்கே அலர்ஜி இருப்பவர்கள் உண்டு, ஆனால் குறைவு. உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பதைவிட வெளியே என்ன துணி என்பதைப் பாருங்கள்.

இரண்டாம் படி: துவைப்பது

பெட்ஷீட், தலையணை உறை, போர்வை எல்லாம் வாரம் ஒரு முறை. 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான தண்ணீரில் துவைத்தால் தூசிப்பூச்சிகள் செத்துவிடும். வாஷிங் மெஷினில் 60 டிகிரி என்று ஒரு தேர்வு இருக்கும், அதை வையுங்கள்.

சுடுதண்ணீர் வசதி இல்லையா? கவலைப்படவேண்டாம். பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டுத் துவைத்தாலும் அலர்ஜி தரும் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கரைந்து போய்விடும், பூச்சிகள் மட்டும் உயிரோடு தப்பிக்கும். இருப்பதை வெளியேற்றுகிற வேலையைப் பச்சைத் தண்ணீர் செய்துவிடுகிறது, திரும்பப் பெருகாமல் தடுக்கத்தான் சூடு. அதனால் பச்சைத் தண்ணீர்க்காரர்கள் வாரம் தவறாமல் துவைக்கவேண்டும், அல்லது துவைத்ததை டிரையரில் நல்ல சூட்டில் கால் மணி நேரமாவது ஓடவிடவேண்டும். வாசனைத் திரவம், துணி மென்மையாக்கி இதெல்லாம் வேண்டாம், சிலருக்கு அந்த வாசனையே மூக்கை எரிக்கும், தோலில் அரிப்பு வரும், அப்புறம் எது எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும். சோப்பும் சரியாக அலசப்படவேண்டும்.

கனமான கம்பளியை வாராவாரம் துவைக்க முடியாது. முடிந்தால் அதைத் தவிர்த்து, மெஷினில் போடக்கூடிய மெல்லிய போர்வைகள் இரண்டைச் சேர்த்துப் போர்த்திக்கொள்ளுங்கள்.

குழந்தைகளின் பொம்மைகளை மறந்துவிடாதீர்கள். கட்டிப்பிடித்துத் தூங்குகிற கரடிப் பொம்மை ஒரு குட்டித் தலையணைதான். துவைக்க முடியாதது என்றால் பிளாஸ்டிக் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரிக்குப் போகிற ஃப்ரீஸரில் ஒரு முழு நாள் வையுங்கள், பூச்சி செத்துவிடும். ஆனால் எச்சம் அப்படியே இருக்குமே, அதனால் எடுத்த பிறகு வெளியே கொண்டுபோய் நன்றாகத் தட்டவேண்டும், தண்ணீர் தாங்கும் பொம்மை என்றால் அலசியும் விடவேண்டும். அலர்ஜி உள்ள பிள்ளையிடம் தட்டக் கொடுக்காதீர்கள்.

மூன்றாம் படி: ஈரத்தைக் குறைப்பது

தண்ணீர் குடிக்காது, காற்றின் ஈரத்தை நம்பி வாழ்கிறது என்று சொன்னேன் இல்லையா? அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் அது வற்றிப்போகும். 70, 80 சதவீதம் என்றால் கொண்டாட்டம். மலை உச்சிப் பிரதேசங்களில் தூசிப்பூச்சி குறைவாக இருப்பதற்கும், அந்தக் காலத்தில் ஆஸ்துமாக்காரர்களை அங்கே அனுப்பியபோது சிலருக்கு நன்றாக இருந்ததற்கும் அந்த வறண்ட காற்று ஒரு காரணம்.

ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிப் படுக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். கடற்கரை மாதிரி எப்போதும் ஈரமான இடத்தில் இருப்பவர்களுக்கு 50-க்குக் கீழே கொண்டுவருவது ஏசியோ ஈரமுறிஞ்சும் கருவியோ இல்லாமல் நடக்காத காரியம், அதற்காக மனம் உடைய வேண்டாம், அப்படிப்பட்ட இடத்தில் உறையையும் துவைப்பதையும் இன்னும் கறாராகச் செய்யவேண்டும், அவ்வளவுதான். எல்லாரும் செய்யக்கூடியவை சில உண்டு. ஈரத் துணியைப் படுக்கையறையில் காயப்போடாதீர்கள். ஈரத் தலையோடு படுக்காதீர்கள். எழுந்ததும் போர்வையை மடித்து மெத்தையை உடனே மூடிவிடாமல், ராத்திரி வேர்வை காயும்வரை விரித்துப்போட்டு விடுங்கள் (சோம்பேறிகளுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது). மெத்தையைச் சுவரோடு ஒட்டியோ தரையிலோ போடாமல், அடியில் காற்றுப் போகிற கட்டிலில் போடுங்கள். சுவரில் நீர்க்கசிவும் கறுப்புப் பூஞ்சைத் திட்டும் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் மற்றதெல்லாம் செய்து பயனில்லை.

வெயிலில் போடுவது? நல்ல பழக்கம், செய்யுங்கள். சுள்ளென்ற வறண்ட வெயிலில் மெல்லிய விரிப்பும் தரைக் கம்பளமும் சூடேறிக் காய்ந்து பூச்சிகள் சாகும். தடித்த மெத்தைக்குள் அவ்வளவு சூடு இறங்காது, பூச்சிகள் உள்பக்கம் தங்கிவிடும். காய்ந்த பிறகு தட்டி எடுத்தால்தான் எச்சம் கொஞ்சமாவது போகும், தட்டுகிறவர் முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும்.

நான்காம் படி: அறையைச் சுத்தம் செய்வது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உலர்ந்த துடைப்பம் தூசியைக் கிளப்பும், ஈரத் துணியால் துடையுங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் நுண்தூசியைப் பிடித்துவைக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ளதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் நுண்தூசியை ஊதும். வாக்குவம் எச்சத்தை எடுக்கும், உயிருள்ள பூச்சியை அவ்வளவாக எடுக்காது, நூலிழையை இறுகப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அலர்ஜி உள்ளவர் அப்போது அறையில் இருக்கக்கூடாது, முடிந்து அரை மணி நேரம் கழித்து வரட்டும். கட்டிலுக்கு அடியில் அடைத்துவைத்த பழைய துணி மூட்டை, கனத்த திரை, படுக்கையறைக் கம்பளம் இவற்றுக்கு வேறு இடம் தேடுங்கள். பூனையோ நாயோ படுக்கையறைக்குள் வரவேண்டாம். பூனையை வேறு வீட்டுக்குக் கொடுத்தாலும் அதன் புரதம் குறைய மாதங்கள் ஆகும், ஒரே வாரத்தில் பலனை எதிர்பார்க்காதீர்கள்.

வாங்காமல் இருக்கவேண்டியவை

மெத்தைக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லி ஸ்பிரே: கொன்றாலும் எச்சம் இருக்கும், ரசாயனத்தோடு தூங்கவும் வேண்டியிருக்கும். மெத்தை மேல் தேய்க்கும் புற ஊதா விளக்குக் கருவி: ஒளி மேல்துணியைத் தாண்டி உள்ளே போவதே கிடையாது. காற்றுச் சுத்திகரிப்பான்: பூனை அலர்ஜிக்கு ஓரளவு பயன்படலாம், ஆனால் தூசிப்பூச்சி எச்சம் காற்றில் தங்குவதில்லை என்று பார்த்தோம், மெத்தையில் கிடப்பதை மூலையில் நிற்கிற பெட்டி எப்படி எடுக்கும்? அந்தப் பணத்துக்கு நல்ல உறைகள் வாங்கலாம்.

உறையைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. 2003-இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், வெறும் உறை மட்டும் போட்டதில் ஆஸ்துமா உள்ள பெரியவர்களுக்கோ, சிறுவர்களும் பெரியவர்களுமான மூக்கு அலர்ஜிக்காரர்களுக்கோ சொல்லிக்கொள்ளும் பலன் கிடைக்கவில்லை. 2017-இல் இங்கிலாந்தில் ஆஸ்துமாவும் தூசிப்பூச்சி அலர்ஜியும் உள்ள குழந்தைகளிடம் செய்த ஆய்விலோ, உறை போட்டவர்களில் அவசரமாக ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டி வந்தவர்கள் குறைந்தார்கள். குழந்தைகளுக்கு இது நன்றாகவே உதவலாம், பெரியவர்கள் உறையை மட்டும் மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட முடியாது, துவைப்பதும் ஈரத்தைக் குறைப்பதும் சேர்ந்து நடக்கவேண்டும் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் என்ன செய்வது?

ஆஸ்பத்திரி என்றாலே கிருமியும் தூசியும் என்று பயப்படுகிறவர்கள் அதிகம். தூசிப்பூச்சியைப் பொறுத்தவரை ஆஸ்பத்திரி மெத்தை பெரும்பாலும் வீட்டு மெத்தையைவிட நல்ல நிலைமையில்தான் இருக்கும். தண்ணீர் புகாத, துடைக்கக்கூடிய உறையால் முழுக்க மூடியிருப்பார்கள், நாம் காசு கொடுத்து வாங்குகிற அலர்ஜி உறை செய்கிற வேலையை அது செய்கிறது. துணிகளையும் சூட்டில் துவைப்பார்கள். பிரிட்டனின் ஆஸ்பத்திரிச் சலவை விதி 65 டிகிரியில் 10 நிமிடம் அல்லது 71 டிகிரியில் 3 நிமிடம் என்கிறது, கிருமிக்காக வைத்த அந்தச் சூடு தூசிப்பூச்சிக்கும் போதுமானது.

ஓட்டை எங்கே என்றால், நாற்காலியில். 1990-களில் பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகளில் அளந்து பார்த்தபோது, தூசிப்பூச்சிப் புரதம் குறைவாக இருந்தாலும், துணி உறை போட்ட இருக்கைகளில் பூனை, நாய்ப் புரதங்கள் நிறைய இருந்தன. ஆஸ்பத்திரிக்குள் பூனை எங்கிருந்து வந்தது? வருகிறவர்களின் உடையில். எனவே அலர்ஜி உள்ள நோயாளியைத் துணி சோஃபாவில் உட்காரவைக்காமல் ரெக்சினோ பிளாஸ்டிக்கோ போட்ட நாற்காலி கேளுங்கள். பூனை வளர்க்கும் உறவினர் பார்க்க வந்தால் துவைத்த உடையில் வரச் சொல்லுங்கள், கட்டில் மேல் உட்காரவேண்டாம் என்றும் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார்கள்தான், பரவாயில்லை.

சேரும்போதே என்னென்ன அலர்ஜி என்று நர்ஸிடம் சொல்லி ஃபைலில் எழுதவையுங்கள். மருந்து அலர்ஜியை மட்டும் கேட்பார்கள், தூசி, பூனை, லேட்டக்ஸ் (கையுறை செய்கிற இயற்கை ரப்பர்) எல்லாவற்றையும் நீங்களே சொல்லவேண்டும். லேட்டக்ஸைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு: பவுடர் போட்ட ரப்பர் கையுறைகளின் பவுடரில் லேட்டக்ஸ் புரதம் ஒட்டிக் காற்றில் பறக்கும், துணியில் படியும். அமெரிக்கா 2017-இல் பவுடர் கையுறைகளையே தடை செய்தது.

அப்புறம் கட்டிலைக் கொஞ்சம் பாருங்கள். மெத்தை உறையில் கிழிசலோ விரிசலோ, கறை ஊறிய இடமோ இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள், கிழிந்த உறை வழியாக வேர்வையும் மற்றதும் உள்ளே போய்விட்டால் அது அலர்ஜிக்கும் கிருமிக்கும் சேர்த்துக் கூடு. தலையணையையும் அதே மாதிரி அமுக்கிப் பாருங்கள். கம்பளி கொடுத்தால், ஒவ்வொரு நோயாளிக்கும் துவைத்ததுதானா என்று கேட்க வெட்கப்படாதீர்கள், சந்தேகமென்றால் மெல்லிய போர்வைகள் இரண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுத் தலையணை இல்லாமல் தூக்கம் வராது என்று அதைத் தூக்கிக்கொண்டு வருவது, வீட்டில் விட்டுவந்த தூசியைப் பின்னாலேயே கூட்டிவருவது போல. படுக்கை மாற்றும்போது விரிப்பை உதறாமல் சுருட்டி எடுக்கச் சொல்லுங்கள், நோயாளி நடக்க முடிந்தவர் என்றால் அந்த நேரம் வெளியே இருக்கட்டும்.

உறுப்பு மாற்று சிகிச்சையோ புற்றுநோய்க்குக் கடுமையான மருந்தோ எடுத்து எதிர்ப்புச் சக்தி இறங்கியவர்களுக்குப் பூஞ்சை வெறும் தும்மல் விஷயமில்லை, நுரையீரலில் தொற்றாகவே பிடிக்கலாம். அவர்கள் வீடு திரும்பும்போது பழைய தலையணையை அப்படியே கொடுக்காதீர்கள். புதிதாக ஒன்று வாங்கி உறை போட்டுக் கொடுங்கள்.

வீட்டிலேயே படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு: படுக்கையை வேர்வை காய விடுங்கள் என்று மேலே சொன்னது அவர்களுக்கு நடக்காது. மெத்தைக்குத் துடைக்கக்கூடிய முழு உறை, அதன் மேல் வேர்வை உறிஞ்சும் பருத்தி விரிப்பு, அதைத் தினமும் அல்லது ஈரம் பட்ட உடனே மாற்றுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏர் பெட் (காற்று அடைத்த மெத்தை) வைத்திருந்தால் அதன் உறையையும் துடைத்து, காய்ந்த பிறகே விரிப்புப் போடுங்கள்.

டாக்டரிடம் எப்போது?

மூச்சு வாங்கிப் பேச முடியாமல் போவது, உதடு நீலம் பாய்வது, இன்ஹேலர் போட்டும் அடங்காத வீசிங் இதற்கெல்லாம் உறையும் சோப்பும் பதில் இல்லை, உடனே ஆஸ்பத்திரி. டாக்டர் கொடுத்த ஆஸ்துமா மருந்தைப் படுக்கையைச் சுத்தம் செய்துவிட்டோம் என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது.

மற்றபடி, மேலே சொன்னதைச் சில மாதங்கள் ஒழுங்காகச் செய்தும் பலன் தெரியவில்லை என்றால், உண்மையிலேயே எதற்கு அலர்ஜி என்று சோதித்துக்கொள்ளுங்கள். தூசிப்பூச்சிக்கு அலர்ஜியே இல்லாதவர் மெத்தையோடு மல்லுக்கட்டி என்ன ஆகப்போகிறது? தோலில் ஒரு துளி வைத்துக் குத்திப் பார்க்கும் சோதனை இருக்கிறது, 15 முதல் 20 நிமிடத்தில் தெரிந்துவிடும். ரத்தப் பரிசோதனையும் உண்டு. சோதனையில் பாசிட்டிவ் என்று வந்தாலே நோய் அதனால்தான் என்று ஆகிவிடாது, உங்கள் தொந்தரவு வரும் நேரத்தோடும் இடத்தோடும் பொருந்துகிறதா என்று டாக்டர் பார்த்துச் சொல்லவேண்டும். தூசிப்பூச்சிதான் என்று உறுதியானால், உடம்பைப் பழக்குகிற ஊசியோ நாக்கடியில் வைக்கும் மாத்திரையோ உண்டு, வழக்கமாக மூன்று வருடம் எடுக்கவேண்டிய சிகிச்சை. தோல் சோதனைக்குப் போகிறவர்கள், அலர்ஜி மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் எத்தனை நாள் முன்னால் நிறுத்தவேண்டும் என்று அப்பாயின்மென்ட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் ஒரு வாரம் சொல்வார்கள், மாத்திரை போட்டுக்கொண்டு போனால் தோல் ஒன்றும் காட்டாது, இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.